சிறு செலவு

'செலவு' என்னும் சொல் இக்காலத்தில் பெரும்பாலும் பணம் கழிதலையே குறிக்கின்றது. பண்டை நூல்களில் அது வழிச் செல்லுதலைக் குறித்தது. தலைவன் பிரிந்து செல்ல எண்ணிப் பின் தணிவதைச் 'செலவழுங்குதல்' என்று அகப்பொருள் நூலார் கூறினர். இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அமைந்திருத்தல் பொருத்தமேயாகும். ஊர் விட்டு ஊர் செல்வோனுக்குப் பணமும் கழிகின்றது. உடல் வலிமையும் கழிகின்றது. ஆனால், கழிவன யாவும் அவனுடையனவேதாமா, பிறருடையனவும் அவற்றுள் அடங்குமா என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. சிறு பொருள் கொண்டு பயணம் செய்ய விரும்பும் இளைஞர் இவ்வினாவை மறத்தலாகாது.

இராமநாதபுர மாவட்டத்தை நாடி வருவோருள் மிகப் பலர் இராமேசுவரத்துக்கே செல்வர். மதுரையிலிருந்து செல்லும் புகைவண்டி பரமக்குடியைக் கடக்கும்போது, தென்புறத்தே விரிந்து கிடக்கும் நிலத்தை அவர்கள் சாளரத்தின் வழியே நோக்குவதோடு சரி. அந்நிலத்தில்தான் முதுகுளத்தூர், கமுதி, கடலாடி முதலிய ஊர்களும், அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களும் உள்ளன. அங்கே மலையில்லை, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையைக் கண்மாய்களில் தேக்கியே மக்கள் உழவு செய்கின்றனர். மழை பொய்த்த ஆண்டில் கண்மாய் வெடித்துக் கிடக்கும். சித்திரை, வைகாசித் திங்களில் நண்பகல் வெயில் அனலெனக் காயும். சாலையில் ஆள் நடமாட்டம் அற்றுப்போகும்.

எனினும், காண்பதற்கு அங்கு ஒன்றுமில்லை என்று கூறுதல் அறியாமையாகும். முதுகுளத்தூரை அடுத்த சித்திரங்குடியிலும் காஞ்சிரங்குளத்திலும் உள்ள கண்மாய்கள் 1989-ஆம் ஆண்டில் பறவைகள் காப்பிடங்களாக அறிவிக்கப்பட்டன. மழைக்குப் பின் நீர் நிறைந்திருக்கும் காலத்தில், நாரையும் கொக்கும் நீர்க்காகமும் அக்கண்மாய்களின் கருவேல மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் பட்டியலில் இவ்விரண்டும் இடம்பெற்ற செய்தி 2022-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கோடை தொடங்கும் காலத்தில் இவ்வட்டாரத்துக் களங்களில் செந்நிறக் கம்பளம் விரித்தாற்போல மிளகாய் காய்வதைக் காணலாம். உருண்டு திரண்ட அம்முண்டு மிளகாய் 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. வானளாவிய பனையின் உச்சியில் ஏறிப் பாளை சீவும் தொழிலாளியின் திறம், மாளிகைகளைக் காண்பதினும் வியப்பூட்டுவதாகும்.

இத்தகைய ஊருக்குச் செல்லப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பரமக்குடி வரையில் புகைவண்டியிலும், அங்கிருந்து பேருந்திலும் செல்லலாம். சிற்றூருக்குச் செல்லும் பேருந்து நாளொன்றுக்குச் சில முறையே வரும். ஆதலின், இறங்கியவுடன் திரும்பும் வண்டியின் நேரத்தைக் கேட்டறிதல் முதற் கடமையாகும். தங்குவதற்கு விடுதிகள் அங்கு இரா. பகலில் ஊரைக் கண்டு, மாலையில் பெரிய ஊருக்குத் திரும்புதலே தக்கது. இரவு தங்க நேரின், கோயில் மண்டபமாயினும் பள்ளித் திண்ணையாயினும், ஊர்ப் பெரியவரிடம் கேட்டு இசைவு பெற்ற பின்னரே படுக்கை விரித்தல் வேண்டும். மாணவர் பெரியோர் துணையின்றிச் செல்லுதல் கூடாது.

வெயிலை வெல்ல எண்ணுபவன் தோற்பான். அதற்கு வழிவிட்டு ஒழுகுபவன் நலமாய் மீள்வான். இவ்வூர் மக்கள் வைகறையில் எழுந்து காட்டு வேலையை முடிப்பர்; உச்சிப்பொழுதில் வேம்பின் நிழலிலோ திண்ணையிலோ அமர்வர்; வெயில் தாழ்ந்தபின் மீண்டும் புறப்படுவர். வழிப்போக்கரும் அவ்வாறே முற்பகல் 10 மணிக்குள் நடையை முடித்து, மாலை 4 மணி வரையில் நிழலில் இருத்தல் நன்று. தளர்ந்த பருத்தியாடையும் தலையில் ஒரு துண்டும் போதும். வியர்வை உலரும்போது உடலின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது. ஆனால், அதனுடன் உடலிலுள்ள நீரும் உப்பும் குறைகின்றன. உப்பிட்ட நீர்மோர் இவ்விரண்டையும் ஈடு செய்யும். களைப்பு மிகுந்தால், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் 6 சிறு கரண்டிச் சர்க்கரையும் அரைச் சிறு கரண்டி உப்பும் கலந்து சிறிது சிறிதாகப் பருகலாம். உடல் கொதிக்க, அறிவு தடுமாறின் அது பெருந்தீங்கின் அறிகுறியாகும். அத்தகையவரை உடனே நிழலிற் கிடத்தி, உடலை ஈரத்துணியால் நனைத்து விசிறி, 108 என்னும் எண்ணுக்கு அழைத்தல் வேண்டும். உணர்விழந்தவர் வாயில் நீர் ஊற்றலாகாது.

அந்நிலம் தன் வெயிலுக்கு மாற்றையும் தானே அளித்துள்ளது. கோடையில் நுங்கு கிடைக்கும். உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கப்படும் பதநீர் காலையில் கிடைக்கும். கம்பங்கூழும் சின்ன வெங்காயமும் பசியையும் வெப்பத்தையும் ஒருங்கே தணிக்கும். இவற்றைப் பனையடியிலோ ஊர்க்கடையிலோ வாங்கி உண்பவனுக்குப் பணமும் மிஞ்சும். அவ்வூர்த் தொழிலாளிக்கும் பயன் உண்டாகும்.

இனி, நீரைப்பற்றிக் கூறுவோம். இவ்வட்டாரத்துச் சிற்றூர்களில் கண்மாய் வேறு, ஊருணி வேறு. கண்மாய் பயிருக்கு உரியது. ஊருணியோ ஊரார் உண்ணும் நீருக்கு உரியது. அதன் பெயரே அதனை உணர்த்துகின்றது. பேரறிவாளனின் செல்வத்துக்கு நீர் நிறைந்த ஊருணியைத் திருவள்ளுவர் உவமை கூறினார். ஊருணியில் கால் கழுவுதலும் துணி துவைத்தலும் ஆடுமாடு இறக்குதலும் கூடா என்பது ஊர்க்கட்டுப்பாடு. அயலூரார் இதனை அறியாமல் கால் நனைப்பாராயின், அவர் கெடுப்பது ஊரார் அனைவரும் பருகும் நீரை என்பதை உணர்தல் வேண்டும்.

இக்காலத்தில் காவிரி நீர் குழாய்வழியே இம்மாவட்டத்துக்கு வருகின்றது. எனினும், கடுங்கோடையில் குழாய் வறண்டுபோகும் நாட்களும் உண்டு. அந்நாட்களில் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி நெடுந்தொலைவு செல்வர். வறண்ட கண்மாயிலோ ஆற்று மணலிலோ ஊற்றுத் தோண்டி, ஊறும் நீரைச் சிரட்டையால் முகந்து முகந்து குடத்தை நிரப்புவர். ஒரு குடம் ஏறத்தாழ 15 லிட்டர் கொள்ளும். அதன் எடை 15 கிலோவாகும். வெயிலில் நடக்கும் ஒருவர் நாளொன்றுக்கு 5 லிட்டர் வரையிலும் பருகக் கூடும். எனவே, மூவர் ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கிப் பருகும் நீர் மட்டுமே ஒரு குடமாகின்றது. குளிக்கவும் கழுவவும் வேண்டுமாயின் எத்தனை குடமாகும்! 'எங்கள் பயணத்தில் செலவே இல்லை' என்று அம்மூவரும் ஊர் திரும்பிப் பெருமை பேசலாம். அவர்கள் செலவு ஒரு தாயின் இடுப்பிலும் தோளிலும் ஏறியிருந்தது என்பதை அவர்கள் கணக்கில் எழுதவில்லை.

அத்தாய் அதனை ஒருபோதும் சொல்லிக் காட்ட மாட்டாள். "வெயிலில் வந்திருக்கிறீர்கள், உட்கார்ந்து குடியுங்கள் தம்பி" என்று சொம்பை நீட்டுவாள். நின்றவாறு விரைந்து பருகினால் புரையேறும் என்பது அவள் கவலை. வீட்டில் அரிசி குறைந்திருப்பினும் அண்டை வீட்டில் கடன் வாங்கி உலை வைப்பாள். அதற்குப் பணம் கொடுக்க முயன்றால், "சோற்றை விற்கிறவளா நான்?" என்று வருந்துவாள். இந்நிலையில் விருந்தினன் செய்யத் தக்கது யாது? வாங்காமற் போவதும் பிழை. வாங்கிக்கொண்டு வாளாவிருப்பதும் பிழை. வண்டி தள்ளக் கை கொடுக்கலாம்; ஊற்றுக்குச் சென்று தானே ஒரு குடம் சுமந்து வரலாம். செல்லும்போதே வீட்டுக் குழந்தைகளுக்குப் பழம் கொண்டு செல்லலாம். அவள் விற்பதற்கென வைத்துள்ள கருப்பட்டியையோ மிளகாயையோ பனையோலைப் பெட்டியையோ பேரம் பேசாமல் வாங்கலாம். கொடுத்தலும் கொள்ளலும் அங்கே மானத்தோடு நிகழும். கொண்டு சென்ற நெகிழிப் பைகளையும் புட்டிகளையும் ஆடுமாடு மேயும் வெளியில் எறியாமல் மீட்டுக்கொண்டு வருதலும் அவன் கடமையே.

இவ்வழிகளில் பண்டு நடந்தவர்க்கு இவ்வறம் புதிதன்று. இராமேசுவரத்துக்கு மக்கள் கால்நடையாகச் சென்ற காலத்தில், சேதுபதி மன்னர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் அமைத்தனர். 1914-ஆம் ஆண்டில் பாம்பனில் இருப்புப்பாதைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் வழிநடை குறைந்தது. சத்திரங்களும் சிறப்புக் குன்றின. ஆயினும், தலைச்சுமையை இறக்கி வைக்க உதவும் சுமைதாங்கிக் கற்கள் தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் சிற்சில இன்றும் நிற்கின்றன. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நிறுத்துதல் மரபு. தம் மகளைத் தாங்க இயலாது போன பெற்றோர், முன்பின் அறியாத வழிப்போக்கரின் சுமையைத் தாங்கக் கல் நாட்டினர்.

வழிப்போக்கனின் சுமையை ஊர் தாங்கிய நாடு இது. அச்சுமையைத் தன்னால் இயன்ற அளவு குறைத்துக்கொள்ளுதல் வழிப்போக்கனின் அறமாகும். தன் செலவைப் பிறர் தலையில் ஏற்றுபவன் சிக்கனக்காரன் அல்லன். தன் தேவையைச் சுருக்கி, பெற்றதற்கு ஈடு செய்து, சென்ற ஊரின் நீரையும் மானத்தையும் குறைவின்றி விட்டு வருபவனே சிறு செலவில் பெரும்பயணம் செய்தவன் ஆவான்.