ஸ்ரீவில்லிபுத்தூர் வெயிலில் வீனஸ் ஃபிளைட்ராப்

பள்ளிப் பாடப்புத்தகத்தில் டயோனியா என்று வரும் வீனஸ் ஃபிளைட்ராப், அமெரிக்காவின் வடக்கு, தெற்கு கரோலினா மாநிலங்களின் கடலோரச் சதுப்பு நிலத்தில் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. வில்மிங்டன் நகரைச் சுற்றிச் சுமார் 120 கிலோமீட்டருக்குள் அதன் உலகம் முடிந்துவிடும். அங்குள்ள மண் மணலும் மக்கிய பாசியும் கலந்தது, அமிலத்தன்மை கொண்டது, தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏறக்குறைய இல்லாதது. வேருக்குக் கிடைக்காத சத்தை, பொறியாக அமைந்த இலை பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. ஜான் எல்லிஸ் 1768-இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி 1875-இல் டார்வின் எழுதிய நூலில் இதற்குத் தனி இடம் உண்டு.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மொட்டைமாடிகளில் இச்செடிக்குப் பூச்சிப் பஞ்சம் வராது. இங்கே இதைக் கொல்பவை இரண்டு: உப்புத் தண்ணீர், குளிர்காலம் இல்லாமை. முதலாவது சில மாதங்களில் கொல்லும். இரண்டாவது ஓரிரண்டு வருடம் எடுத்துக்கொள்ளும். வாங்கிய செடி ஏன் போயிற்று என்று தெரியாமலே பலரும் இன்னொன்றை வாங்குவது இதனால்தான்.

தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவு, அதாவது டிடிஎஸ், 50-க்குள் இருப்பது நல்லது. 100-ஐத் தாண்டவே கூடாது. இந்தப் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் இதைப்போலப் பல மடங்கு. வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. சுவைக்காகத் தாதுவைத் திரும்பச் சேர்க்கும் குப்பி பல இயந்திரங்களில் இருக்கிறது. கேன் தண்ணீரிலும் இதே சிக்கல் உண்டு. டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி அளந்துவிடுவதே வழி. இந்தச் செடிக்கு ஆகும் செலவுகளில் மிகப் பயனுள்ளது அதுதான். ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் உப்பில்லாதது. குழாய் சுத்தமாக இருந்தால் தாராளமாக ஊற்றலாம்.

எல்லாவற்றிலும் சிறந்தது மழைநீர். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றாலும், அந்தக் குழாயில் வருவதைச் செடிக்குப் பிடிக்கும்முன் யோசிக்க வேண்டும். பழைய மாடிகளில் சுண்ணாம்புக் கலவையின் மேல் தட்டோடு பதித்திருப்பார்கள்; அதில் ஓடிவரும் நீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும். சுத்தமான பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டி நேராக டிரம்மில் பிடிப்பது மேல். ஒரு சதுர மீட்டர் விரிப்பில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 10 லிட்டர் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடியுள்ள டிரம்களை நிரப்பிக்கொண்டால் கோடையில் பெரும்பகுதியை ஓட்டிவிடலாம்.

மண்ணைப் பொறுத்தவரை, தோட்டக்காரரின் வழக்கமான அறிவு இங்கே எதிரியாகிவிடுகிறது. செம்மண், மண்புழு உரம், சாண எரு, பஞ்சகவ்யம் எதுவும் கூடாது. பீட் மாஸும் பெர்லைட்டும் சமபங்கு கலந்தால் போதும். உரம் கலக்காத பீட் மாஸ்தானா என்று பார்த்து வாங்க வேண்டும். நீண்ட நாரான ஸ்பேக்னம் பாசியை மட்டுமே நிரப்பியும் வளர்க்கலாம். தென்னை மிகுந்த வட்டாரம் என்பதால் நார்க்கழிவு மலிவு. ஆனால் அதில் உப்பு உண்டு. மழைநீரில் பலமுறை ஊறவைத்துப் பிழிந்து, பிழிந்த நீரை மீட்டரில் அளந்த பிறகே அதைத் தொட வேண்டும். அவ்வளவு பாடுபட்டும் பீட் மாஸுக்கு அது இணையாவதில்லை. தொட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். மண்தொட்டியின் சுவரில் உப்பு பூத்து மெல்ல உள்ளே இறங்கும். ஆழம் 12 முதல் 15 சென்டிமீட்டர் வேண்டும். கறுப்புத் தொட்டி வெயிலில் வேரை வேகவைத்துவிடும், வெள்ளை நல்லது. அதையும் சற்றுப் பெரிய இன்னொரு தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் ஈரப் பாசியை அடைத்தால் வேர் குளிர்ச்சியாக இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை கலவையை மாற்ற வேண்டும்.

நேரடி வெயில் நாளுக்கு நான்கைந்து மணி நேரமாவது தேவை. இலை நீண்டு தொய்ந்தால் வெளிச்சம் போதவில்லை. பெரும்பாலான வகைகளில் பொறியின் உட்புறம் சிவந்திருந்தால் போதுமானது என்று கொள்ளலாம். நம் ஊரில் காலை வெயிலை முழுதாகவும், மதியத்துக்கு மேல் பச்சை வலை வழியாகவும் கொடுப்பது சரிப்படுகிறது. கத்திரி வெயிலைவிட ஆனி, ஆடிக் காற்றே மோசம். மலையைத் தாண்டி ஈரமிழந்து வரும் அந்தக் காற்றில் தட்டுத் தண்ணீர் ஒரே நாளில் வற்றிவிடும். கைப்பிடிச்சுவரின் மறைவில் வைப்பது நல்லது.

தொட்டியின் அடியில் தட்டு வைத்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கவிடுவதே நீர் பாய்ச்சும் முறை. இதில் ஒரு வம்பு: ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். ஐந்து நாளுக்கு ஒருமுறை தட்டைக் கவிழ்த்து, ஓரத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை ஓரத்தில்தான் ஒட்டியிருக்கும். கொசுவைப் பிடிக்கும் செடி என்று வாங்கி வந்து டெங்கு கொசுவை வளர்ப்பதைப்போல வேடிக்கை வேறில்லை.

வெளியே இருக்கும் செடிக்கு யாரும் ஊட்ட வேண்டியதில்லை. பொறியின் ஒவ்வொரு மடலிலும் பொதுவாக மூன்று உணர்முடிகள் உண்டு. சுமார் இருபது விநாடிக்குள் இரண்டு தொடுதல் நேர்ந்தால் பொறி நொடியின் சிறு பகுதியில் மூடிக்கொள்ளும். உள்ளே இரை துடித்துக்கொண்டே இருந்தால்தான் செரிமானம் தொடங்கும்; அதற்கு ஐந்து முதல் பன்னிரண்டு நாளாகும். குழந்தைகள் விரலால் சீண்டி மூடவைத்தால் செடிக்கு வீண் செலவு. இறைச்சித் துண்டு போட்டால் பொறி அழுகிவிடும். இலை கறுத்தாலே பதற வேண்டாம்: சில முறை இரை பிடித்தபின் ஒவ்வொரு பொறியும் காய்ந்து போகும், புதியது வரும். நலிந்த செடியில் பூந்தண்டு எழுந்தால் கிள்ளிவிட வேண்டும்.

குளிர்காலம்தான் கடைசித் தடை. ஜனவரியில் வில்மிங்டனின் இரவு வெப்பநிலை சராசரியாக 2 டிகிரியை ஒட்டி இருக்கும். அங்கே மிகக் குறுகிய பகல் பத்து மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி விடியற்காலையும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது, பகல் பதினொன்றரை மணி நேரத்துக்குக் குறைவதில்லை. உறங்கச் சொல்லும் இரண்டு அறிகுறிகளுமே இல்லாமல் செடி ஓயாமல் இலை விட்டு, சிறுத்து, ஒடுங்கிவிடும். குளிர்சாதனப் பெட்டி ஒன்றே உள்ளூரில் வழி. கார்த்திகைத் தொடக்கத்தில் செடியை எடுத்து, வேரை மழைநீரில் அலசி, காய்ந்த இலைகளை வெட்டிவிட்டு, பிழிந்த ஸ்பேக்னம் பாசியில் சுற்றி உறையிலிட்டு, காய்கறித் தட்டில் வைக்க வேண்டும். உறைபெட்டியில் கூடாது. பால்கோவா டப்பாவுக்குப் பக்கத்தில் இடம் கேட்டால் வீட்டில் முணுமுணுப்பு எழும். பத்துப் பன்னிரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளச் சொல்லலாம். இரு வாரத்துக்கு ஒருமுறை பூஞ்சணம் பார்க்க வேண்டும். தை கடைசியில் வெளியே நட்டு, பத்து நாள் நிழலில் வைத்துப் பிறகே வெயிலுக்கு நகர்த்த வேண்டும். கொடைக்கானலிலோ ஊட்டியிலோ உறவினர் இருந்தால் அந்த மாதங்களுக்குத் தொட்டியை அங்கே அனுப்பிவிடுவது இன்னும் எளிது.

இவ்வளவுக்கும் முடியாதவர்களுக்கு இன்னொரு பூச்சியுண்ணும் செடியான ட்ரொசிரா இருக்கிறது. தமிழ்நாட்டுச் சமவெளியின் ஈர மணலிலேயே ட்ரொசிரா இண்டிகா, ட்ரொசிரா பர்மானி இரண்டும் வளர்கின்றன. தண்ணீரும் மண்ணும் அதே கட்டுப்பாடுதான். குளிர் மட்டும் வேண்டியதில்லை. ஒரு வருடத்தில் முடிந்துபோனாலும் விதை உதிர்த்துத் தானே முளைக்கும். இவற்றைத் தேடி ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் போகாதீர்கள். காப்பகத்திலிருந்து செடி எடுப்பது குற்றம். திசு வளர்ப்புச் செடியோ விதையோ விற்பவரிடம் வாங்கி வளருங்கள்.