இனிப்புக்குள் ஒரு சொல்

நுழையும்முன்

திருநாள் என்றவுடன் இனிப்பு நினைவுக்கு வருவது எல்லா நாட்டினர்க்கும் பொது. சீனரின் திருநாள் பண்டங்களிலோ சுவையோடு சொல்லும் கலந்திருக்கிறது. ஒரு பண்டம் ஏன் மங்கலமாயிற்று என வினவினால், அதன் பெயர் காதில் எவ்வாறு ஒலிக்கிறது என்பதே பெரும்பாலும் விடையாக அமைகிறது. மொழியும் உணவும் கைகோக்கும் அவ்வழக்கங்களை இப்பாடம் விளக்குகிறது.

அடுப்பங்கரைத் தெய்வத்தின் வாய்

சீனரின் சந்திர நாட்காட்டியில் பன்னிரண்டாம் திங்களின் 23 அல்லது 24ஆம் நாள், வீட்டு அடுப்புக்கு மேலே ஓராண்டாய் ஒட்டப்பட்டிருந்த தாள் ஓவியம் ஒன்று கீழே இறக்கப்படும். அது அடுப்பங்கரைத் தெய்வத்தின் உருவம். ஆண்டு முழுவதும் அவ்வீட்டார் பேசியதையும் செய்ததையும் பார்த்திருந்த அத்தெய்வம், அன்று விண்ணுலகு சென்று மாணிக்கப் பேரரசரிடம் அறிக்கை அளிக்கும் என்பது நம்பிக்கை. அறிக்கை எப்படியிருக்குமோ என்னும் அச்சம் வீட்டார்க்கு இல்லாமலா இருக்கும்? முளைவிட்ட தானியத்திலிருந்து காய்ச்சி எடுத்த, பல்லில் ஒட்டும் பாகு மிட்டாயை அத்தெய்வத்துக்குப் படைப்பர். சிலர் ஓவியத்தின் உதட்டிலேயே பாகைத் தடவுவதும் உண்டு. இனிப்புண்ட வாய் இனிய சொற்களையே பேசும் என்பது ஒரு விளக்கம். பாகு வாயை ஒட்டிவிடுவதால் பேசவே இயலாது என்பது மற்றொன்று. இரண்டாவதே உண்மைக்கு அருகில் இருக்கும் எனத் தோன்றுகிறது! பின்னர் அத்தாளை எரித்துத் தெய்வத்தை வழியனுப்பிவைப்பர்.

ஓர் ஒலி, பல சொல்

அடுப்பங்கரை மிட்டாயின் பொருள் அதன் ஒட்டும் தன்மையில் இருக்கிறது. ஏனைய பண்டங்கள் பலவற்றின் பொருளோ ஒலியில் இருக்கிறது. இதற்குச் சீன மொழியின் அமைப்பே காரணம். வடபுலத்துப் பொதுமொழியாகிய மாண்டரினில், ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் கொள்ளாவிடில் ஏறத்தாழ 400 அசைகளே உள்ளன. ஏற்ற இறக்கங்களைச் சேர்த்தாலும் அவை 1,300 அளவினவே. எழுத்துகளோ பல்லாயிரம். ஆகவே ஒரே ஒலியைப் பல எழுத்துகள் பகிர்ந்துகொள்ள வேண்டியுள்ளது. தமிழில் ஒரு சொல் இரு பொருள் தருவதை இரட்டுறமொழிதல் எனப் பயின்றுள்ளோம். சீனத்தில் எழுத்தாலும் பொருளாலும் வேறுபட்ட இரு சொற்கள் காதில் மட்டும் ஒன்றாகிவிடுகின்றன. புலவர்க்கே உரிய விளையாட்டாக நாம் கருதும் ஒன்று, அங்கே சமையலறையில் அன்றாடம் புழங்குகிறது.

புத்தாண்டுப் பண்டமாகிய ‘நியென்காவ்’ இதற்குச் சிறந்த சான்று. பசையரிசி மாவை ஆவியில் வேகவைத்துச் செய்யும் பிட்டு வகை இது. ‘நியென்’ என்பது ஆண்டு. ‘காவ்’ என்பது மாவுப்பண்டம். ‘உயர்ந்தது’ எனப் பொருள்படும் வேறொரு சொல்லும் ‘காவ்’ என்றே ஒலிக்கும். ஆகவே நியென்காவ் உண்பவர் ‘ஆண்டுதோறும் உயர்க’ என்னும் வாழ்த்தையும் சேர்த்தே உண்கிறார். கல்வி உயரலாம், செல்வம் உயரலாம், குழந்தை வளர்ந்து உயரமாகலாம். எது உயரவேண்டும் என்பது உண்பவரின் விருப்பம்.

தென்சீனத்துக் குவாங்டாங்கில் இதனைப் பழுப்புச் சர்க்கரை சேர்த்து இனிப்பாகச் செய்வர். எஞ்சியதைத் துண்டாக்கி முட்டையில் தோய்த்துப் பொன்னிறமாக வாட்டி உண்பர். ஷாங்காய்ப் பகுதியில் இது வெண்ணிறமாக, இனிப்பின்றி இருக்கும், காய்கறியோடு வதக்கப்படும். சூசோ நகரத்தார் ஒரு கதை சொல்வர். ஊ நாட்டின் அமைச்சர் ஊ சூசூ என்பவர், தாம் இறந்தபின் நாட்டுக்குப் பஞ்சம் வந்தால் மதிற்சுவரின் அடியில் தோண்டுங்கள் எனச் சொல்லிச் சென்றாராம். முற்றுகையில் ஊரார் பசியால் வாடியபோது தோண்டிப் பார்க்க, அடித்தளத்துச் செங்கற்கள் பசையரிசியால் செய்யப்பட்டிருந்தனவாம். கதையே ஆயினும், உயர்வை வாழ்த்தும் பண்டத்தின் அடியில் பசியின் நினைவும் கிடப்பதை இது காட்டுகிறது.

‘ஃபாகாவ்’ என்னும் பண்டம் நம் ஆப்ப மாவைப்போல் புளிக்கவைத்து ஆவியில் அவிக்கப்படுவது. ‘ஃபா’ என்பது மாவு பொங்குதலையும் செல்வம் பெருகுதலையும் ஒருங்கே குறிக்கும். அவிந்த பண்டத்தின் மேற்புறம் பூப்போல் வெடித்து விரிந்தால் இல்லத்தில் மகிழ்ச்சி.

விருந்தினர் முன் வைக்கப்படும் எண்கோணத் தட்டில் சர்க்கரைப் பாகில் ஊறிய தாமரை விதை, வெண்பூசணித் துண்டு, நிலக்கடலை, தர்பூசணி விதை போன்றவை இருக்கும். தாமரை விதையைக் குறிக்கும் ‘லியென்ஸி’ என்னும் சொல், ‘தொடர்ந்து மக்கட்பேறு’ எனவும் ஒலிக்கும். எட்டு என்னும் எண்ணும் அவ்வாறே செல்வப் பெருக்கைக் குறிக்கும் சொல்லை ஒத்து ஒலிக்கிறது.

விலக்கும் உண்டு. பேரிக்காயின் பெயராகிய ‘லீ’ பிரிவையும் நினைவூட்டும். எனவே ஒரு பேரிக்காயைக் குடும்பத்தார் துண்டுபோட்டுப் பகிர்ந்து உண்பதில்லை. சுடுகாட்டை நன்காடு என்றும், விளக்கை அணைத்தலைக் குளிரவைத்தல் என்றும் கூறும் நம் மங்கல வழக்கில் தீய பொருளுக்காகச் சொல்லை மாற்றுகிறோம். சீனர் தீய ஒலிக்காகப் பண்டத்தையே விலக்குகின்றனர்.

வட்டமும் கூடலும்

புத்தாண்டின் பதினைந்தாம் நாள், முதல் முழுநிலவில் விளக்குத் திருநாள் வரும். அன்று உண்ணப்படுவது ‘தாங்யுவான்’. பசையரிசி மாவினுள் கருப்பு எள், சர்க்கரைப் பூரணம் வைத்து உருட்டிக் கொதிநீரில் வேகவிடும் உருண்டைகள் இவை. வெந்ததும் தாமே மேலெழுந்து மிதக்கும். வடபுலத்தில் இதற்கு இணையான ‘யுவான்சியாவ்’ செய்யும் முறை வேறு. கெட்டியான பூரணத் துண்டுகளை நனைத்து, உலர்மாவு பரப்பிய மூங்கில் தட்டில் மீண்டும் மீண்டும் உருட்டுவர். பனியுருண்டை பெருப்பதுபோல் மாவு ஏறிக்கொண்டே போகும். தாங்யுவான் என்னும் பெயர், குடும்பம் ஒன்றுகூடுதலைக் குறிக்கும் ‘துவான்யுவான்’ என்பதை நினைவூட்டுகிறது. வட்டக் கிண்ணம், வட்ட உருண்டை, வட்ட நிலவு என அனைத்தும் அதே கருத்தைச் சொல்கின்றன.

எட்டாம் திங்களின் முழுநிலவில் வரும் நடு இலையுதிர்த் திருநாளின் நிலா அப்பமும் அத்தகையதே. மர அச்சில் அழுத்தி எடுக்கப்படும் இதனுள் அரைத்த தாமரை விதைப் பூரணம் இருக்கும். நடுவே உப்பிட்ட வாத்து முட்டையின் மஞ்சள் கரு முழுநிலவாய்த் தோன்றும். அப்பத்தைக் குடும்பத்தாரின் எண்ணிக்கைக்கேற்ப அறுப்பர். வெளியூரில் இருப்பவர்க்கும் ஒரு துண்டு எடுத்துவைக்கும் வழக்கம் உண்டு. கவிஞர் சூ ஷி 1076இல் தம் தம்பியைப் பிரிந்திருந்த நிலையில் இந்நாளில் பாடிய கவிதையைச் சீனர் இன்றும் போற்றுகின்றனர். இத்திருநாளில் கூடியிருப்போரினும் கூட இயலாதோரே நிலவை மிகுதியாகப் பார்த்திருக்கிறார்கள்.

மங்கோலியரின் ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சிச் செய்தி அப்பங்களுக்குள் மறைத்து அனுப்பப்பட்டது என்பர். 1368இல் மிங் அரசு எழுந்தது வரலாறு. அப்பத்துள் செய்தி இருந்தமைக்குச் சான்றில்லை. அண்மைக்காலத்தில் அப்பத்தினுள் அன்றி அதன் பெட்டியில்தான் செய்தி இருந்தது எனலாம். விலையுயர்ந்த பெட்டிகளில் அடைத்த அப்பங்கள் அதிகாரிகளுக்குக் கையூட்டாகச் சென்றதால், 2013இல் பொதுப்பணத்தில் நிலா அப்பம் வாங்கிப் பரிசளிப்பதற்குத் தடை விதிக்கப்பட்டது. 2022இல் அப்பத்தின் பொதிவு மூன்று அடுக்குகளுக்கு மிகக்கூடாது என்னும் விதியும் வந்தது.

கவிஞரும் தேர்வரும்

ஐந்தாம் திங்கள் ஐந்தாம் நாள் டிராகன் படகுத் திருநாள். சூ நாட்டின் கவிஞரும் அமைச்சருமான சூ யுவான், நாடு வீழ்ந்த துயரில் கி.மு. 278இல் மிலுவோ ஆற்றில் மூழ்கி உயிர் துறந்தார் என்பர். மீன்கள் அவர் உடலைத் தீண்டாதிருக்க மக்கள் ஆற்றில் சோறு எறிந்தனராம். மூங்கில் இலையில் பசையரிசியைப் பொதிந்து நூலால் கட்டி அவிக்கும் ‘ஸோங்ஸி’ அச்சோற்றின் நினைவாகச் சொல்லப்படுகிறது. இக்கதை ஏடேறியது அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பின்னரே. வடக்கே இலந்தையும் இனிப்புப் பயறும், தெற்கே இறைச்சியும் உள்ளே வைப்பர்.

இத்திருநாளை ஒட்டியே, சூன் 7 அன்று, சீனாவின் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வு தொடங்குகிறது. ‘காவ்’ பண்டத்தையும் ‘ஸோங்’ பொதியையும் சேர்த்துச் சொன்னால் ‘உயர்ந்த தேர்ச்சி’ என்பதுபோல் ஒலிக்கும். எனவே தேர்வு எழுதும் பிள்ளைக்குப் பெற்றோர் இவ்விரண்டையும் ஊட்டி அனுப்புகின்றனர். உங்கள் வயதை ஒத்த அம்மாணவர், கவிஞர் ஒருவரின் மறைவை நினைவூட்டும் சோற்றைத் தம் வெற்றிக்காக உண்கின்றனர்.

கடல் கடந்த சொல்

ஒலியில் பிறந்த பொருள், மொழி மாறினால் என்னாகும்? அன்னாசியை மாண்டரினில் ‘போலுவோ’ என்பர். அதில் மங்கலம் ஏதுமில்லை. ஹொக்கியன் மொழியிலோ அது ‘ஓங்லாய்’. ‘வளம் வருக’ என்றும் ஒலிக்கும். ஹொக்கியன் மக்கள் பெருவாரியாகக் குடியேறிய மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அன்னாசிப் பூரணம் வைத்த சிறு பண்டம் புத்தாண்டுக்கு இன்றியமையாததாயிற்று. அவ்வாறே கண்டோனிய மொழியில் ‘கம்’ என்பது பொன்னுக்கும் ஆரஞ்சு வகைக்கும் ஏறத்தாழ ஒரே ஒலி. அந்நாடுகளில் புத்தாண்டு நாளில் ஆரஞ்சுகளை இணை இணையாகவே கொடுப்பர். அண்டை வீட்டுத் தமிழர்க்கும் அவை வந்து சேரும்.

நியென்காவ் மலாய் மொழியில் ‘குவே பாக்குல்’ ஆயிற்று. பாக்குல் என்றால் கூடை. வாழையிலை விரித்த சிறு கூடையில் அவித்ததால் வந்த பெயர். ஆண்டும் உயர்வும் அப்பெயரில் இல்லை. பண்டம் மட்டும் அதே பசையோடும் இனிப்போடும் இருக்கிறது. சீனப் புத்தாண்டு வழக்கங்களை யுனெஸ்கோ 2024இல் மானுடத்தின் தொட்டுணர இயலாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆயின் ஓங்லாய் என்னும் சொல்லை வீட்டில் பேசாத பேரப்பிள்ளைகளுக்கு, அன்னாசிப் பண்டம் ஏன் மேசைக்கு வந்தது என்பதைப் பாட்டியர்தாம் சொல்லியாக வேண்டும்.