ஒரு பெயரில் இரு தளங்கள்



சென்ற ஆண்டுப் பொங்கல் விழாவின்போது நிகழ்ந்ததைப் பலரும் அறிவீர்கள். விழாவிற்குப் பெயர் பதிவு செய்ய விழாக்குழுவினர் புதியதோர் இணையத்தளம் அமைத்தனர். பழைய தளத்தின் மேலேயே அதனை நிறுவிவிட்டனர். பதிவு இனிதே நடந்தது. ஆனால், அங்கிருந்த நம் இதழின் பழைய மலர்கள் மறைந்தன. முன்னாள் மாணவர் ஒருவரிடம் படிகள் இருந்தமையால் பலவற்றை மீட்டோம், சில மீளவேயில்லை. எவரையும் குறை கூறுவதற்கில்லை. ஒரே பெயரில் இரு தளங்களை நடத்தும் முறையை நாம் கற்றுக்கொள்ளவில்லை, அவ்வளவே. அதனை இங்கே சிறிது ஆராய்வோம்.

நம் டொமைன் பெயர் ‘சங்கம்.இந்தியா’ என வைத்துக்கொள்வோம். இதழுக்கும் விழாவுக்கும் தனித்தனி இடம் தர இரு வழிகள் உண்டு. ஒன்று, ‘சங்கம்.இந்தியா/விழா’ எனச் சாய்கோட்டுக்குப் பின் பாதையாக அமைப்பது. மற்றொன்று, ‘விழா.சங்கம்.இந்தியா’ எனப் பெயருக்கு முன்னே ஒரு சொல்லைச் சேர்ப்பது. இதனையே சப்டொமைன் என்பர். பார்வைக்கு வேறுபாடு ஒரு புள்ளியும் ஒரு கோடுமே. உண்மையிலோ அது பெரிது.

ஏன்? பெயரைக் கொடுத்தால் அதற்குரிய கணினியின் எண்முகவரியைத் தருவது டி.என்.எஸ். என்னும் ஏற்பாடு. பால் மொக்கபெட்ரிஸ் என்பார் 1983-இல் இதனை வகுத்தார். இது பெயரை மட்டுமே அறியும்; சாய்கோட்டுக்குப் பின்னுள்ள பாதையை அறியாது. ஆகவே, பாதையாக அமைத்த இரு தளங்களும் ஒரே வாயில் வழியாகவே செல்லவேண்டும். அங்கிருந்து ஒன்றை வேறொரு நிறுவனத்தின் கணினிக்கு அனுப்ப இடைத்தரகு செய்யும் சர்வர் வேண்டும். குறைந்த கட்டணத்தில், பராமரிப்பையும் நிறுவனமே ஏற்கும் ஹோஸ்டிங் திட்டங்களில் அவ்வசதி பெரும்பாலும் கிட்டாது. அத்தகைய திட்டங்கள் பல, ஒரு தளத்திற்கே இடந்தருவன.

மற்றோர் இடரும் உண்டு. பாதை வேறானாலும் பெயர் ஒன்றாயின், பிரௌசர் இரண்டையும் ஒரே தளமாகவே கருதும். விழாத் தளத்தில் தீய நிரல் புகுந்தால், இதழின் நிர்வாகி உள்நுழைந்திருக்கும் வேளையில் அவர் உரிமையைக் கொண்டே இதழைக் கெடுக்கவும் கூடும்.

சப்டொமைனுக்கு இத்தொல்லை குறைவு. பெயர் வேறாகையால் அதனை வேறு கணினிக்குத் திருப்பலாம். இரண்டும் ஒரே கணினியில் இருப்பினும் குழப்பமில்லை. பிரௌசர் தான் நாடும் தளத்தின் பெயரையும் சொல்லியே பக்கத்தைக் கேட்கும். 1997-இல் வெளிவந்த எச்.டி.டி.பி. 1.1 விதி இதனைக் கட்டாயமாக்கியது. பல குடித்தனம் உள்ள வீட்டின் காவலாளி, “யாரைப் பார்க்கவேண்டும்?” என்று கேட்டு வழிகாட்டுவது போன்றது இது.

இனிச் செய்முறை. முதலில், விழாத் தளத்திற்குத் தனி ஹோஸ்டிங் பெற்று, அதன் நிர்வாகப் பக்கத்தில் ‘விழா.சங்கம்.இந்தியா’ என்னும் பெயரைச் சேர்க்க. அவர்கள் ஓர் எண்முகவரியோ மாற்றுப்பெயரோ தருவர். அடுத்து, டி.என்.எஸ். பக்கத்தில் எண்முகவரி தந்தால் ‘ஏ’ பதிவும், மாற்றுப்பெயர் தந்தால் ‘சி-நேம்’ பதிவும் இடுக. இதழுக்குரிய பதிவுகளைத் தொடவேண்டா. பின்னர், புதிய பெயருக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் பெறுக. லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு இதனை இலவசமாகவே வழங்குகிறது. ஏதேனும் ஒரு பக்கம் இடம்பெயர்ந்தால், பழைய முகவரியிலிருந்து 301 என்னும் நிலையான திருப்பம் வைக்க மறவாதீர்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒரே ஹோஸ்டிங் கணக்கில் இரு சப்டொமைன்களை வைத்தால், பெயர் இரண்டாயினும் வீடு ஒன்றே. கணக்கு அழிந்தால் இரண்டும் அழியும். விழா முடிந்து ஹோஸ்டிங்கை நிறுத்தும்போது டி.என்.எஸ். பதிவையும் நீக்கிவிடுக. இல்லையேல், கைவிடப்பட்ட இடத்தைப் பிறர் கைப்பற்றி, நம் பெயரிலேயே கடை விரிக்க வாய்ப்புண்டு.

இத்தனையும் செய்த பின்னும் இரு தளங்களுக்கும் பொதுவாக நிற்பது ஒன்று: டொமைன் பெயர். அதனைப் புதுப்பிக்கத் தவறினால் இரண்டும் ஒருங்கே மறையும். எனவே, பதிவுக் கணக்கு ஒரு மாணவரின் சொந்த மின்னஞ்சலில் இருத்தல் ஆகாது. சங்கத்தின் பொது மின்னஞ்சலில் இருக்கவேண்டும். செயலாளர் பொறுப்பை ஒப்படைக்கும் நாளில், கணக்குப் புத்தகத்தோடு இதனையும், இதழின் முழுப் படி ஒன்றையும் ஒப்படைக்கட்டும்.

விழா ஆண்டுதோறும் புதிதாகப் பிறக்கும். அதன் தளமும் அவ்வாறே மாறட்டும். ஊரை விட்டு வந்து இங்கே பயின்ற தமிழ் மாணவர்கள் எழுதிவைத்தவையோ ஒருமுறை போனால் மீண்டும் வாரா. அவற்றிற்கு அசையாத தனி வீடு அமைத்துக் கொடுப்பது நம் கடமை.