பெட்டாலிங் ஜெயாவில் தை முதல் வைகாசி வரை: விழாக்களும் வெட்டவெளி இசையும்

மலேசியாவில் இளவேனில் என்று தனிப் பருவம் கிடையாது. ஆண்டு முழுக்க ஏறத்தாழ 24 முதல் 33 டிகிரி வரை ஒரே புழுக்கம். ஆனாலும் ஆண்டின் முதல் மாதங்களில் சில வாரம் வெயில் காய்ந்து, அதன்மேல் ஒரு மழை விழுந்துவிட்டால், பெட்டாலிங் ஜெயாவின் சாலையோரத் தெக்கோமா மரங்கள் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துத் தள்ளும். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம் அது. பூ சில நாள்தான் நிற்கும். எந்த வாரம் பூக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

விழாக்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. பொங்கலில் தொடங்கி தைப்பூசம், சீனப் புத்தாண்டு, பங்குனி உத்திரம், சித்திரைப் புத்தாண்டு, சொங்கிரான், வெசாக் என்று ஐந்து மாதமும் தெருவில் ஏதாவது ஒரு மேளம் கேட்டுக்கொண்டே இருக்கும். பயணத் தேதியை இசை நிகழ்ச்சி டிக்கெட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விழா நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கோலாலம்பூரும் சுற்றுப்புற ஊர்களும் சேர்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் கேட்கத் தகுந்த வெட்டவெளி இசையில் பெரும்பகுதி இலவசம்.

ஏன் பெட்டாலிங் ஜெயா?

கோலாலம்பூரின் நெரிசலைக் குறைக்க 1950களில் ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய ஊர் இது. 2006 ஜூன் 20-இல் மாநகரானது. கிழக்கே பிரிக்ஃபீல்ட்ஸ், மேற்கே கிள்ளான் என்று இரண்டு தமிழ்க் கடைத்தெருக்களுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் ரயிலில் போய்வரும்படி அமைந்திருக்கிறது.

விமான நிலையத்திலிருந்து கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸ் ரயிலில் கே.எல். சென்ட்ரலுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம். அங்கே கிளானா ஜெயா தடத்து எல்.ஆர்.டி.க்கு மாறினால் ஐந்தாவது நிறுத்தம் தாமான் ஜெயா. தாமான் ஜெயா, ஆசியா ஜெயா, தாமான் பாராமவுண்ட் ஆகிய மூன்று நிலையங்களில் ஏதாவது ஒன்றுக்கு நடக்கும் தூரத்தில் அறை எடுங்கள். பாசார் செனி, மஸ்ஜித் ஜாமெக், கே.எல்.சி.சி. மூன்றுக்கும் இதே தடத்தில் நேராகப் போகலாம்.

முகவரி விஷயத்தில் கவனம் தேவை. இந்த ஊர் எண்களால் ஆனது: செக்‌ஷன் 14, எஸ்.எஸ். 2, பி.ஜே.எஸ்., பி.ஜே.யு. என்று பகுதிகள். சாலைகளுக்கும் 14/20 போலப் பெயர்கள். எழுத்து ஒன்று மாறினால் வாடகைக் கார் உங்களை வேறு மூலையில் இறக்கிவிடும். கட்டடத்தின் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.

மாதம் மாதமாக

ஜனவரி. பொங்கலுக்கு மலேசியாவில் பொது விடுமுறை இல்லை. அதனால் பொங்கலன்று பகலைவிட அதற்கு முந்தைய மாலைகளே சூடாக இருக்கும். பிரிக்ஃபீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலையில் கரும்பு, மஞ்சள் கொத்து, பானை என்று நடைபாதை நிரம்பும். 2010 அக்டோபரில் அன்றைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து திறந்துவைத்த ‘லிட்டில் இந்தியா’ இதுதான். கே.எல். சென்ட்ரலிலிருந்து நடந்தே போகலாம். கூட்டம் வேண்டாம் என்பவர்கள் கொமூட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போய் தெங்கு கிளானா சாலையில் வாங்கலாம். பெட்டாலிங் ஜெயாவின் பழைய நகர்ப் பக்கம் தங்கினால் ஜாலான் டெம்ப்ளர் நிலையத்திலேயே ஏறிக்கொள்ளலாம்.

தைப்பூசம் (ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி). இதற்காக மட்டுமே வந்தாலும் தகும். பத்துமலையில் 1892 முதல் கொண்டாடப்படுகிறது. 272 படி, 2006-இல் திறந்த 42.7 மீட்டர் முருகன் சிலை எல்லாம் படத்தில் பார்த்திருப்பீர்கள். படத்தில் வராதது வெள்ளி ரதத்தின் இரவு. தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு இரவில், 1873-இல் தோன்றிய மகா மாரியம்மன் கோயிலிலிருந்து ரதம் புறப்பட்டு, ஜாலான் ஈப்போ வழியாக ஏறக்குறைய 15 கிலோமீட்டர் ஊர்ந்து மறுநாள் பத்துமலை சேரும். கோயில் துன் எச்.எஸ். லீ சாலையில், பாசார் செனி நிலையத்தின் அருகில் இருக்கிறது. புறப்பாட்டை அங்கே பார்த்துவிட்டு, கால் வலிக்கும்வரை ரதத்தோடு நடங்கள். வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள் உண்டு. நாதஸ்வரமும் தவிலும் ரதத்தோடு வரும்.

பத்துமலைக்குக் கே.எல். சென்ட்ரலிலிருந்து கொமூட்டர் ரயில் உண்டு. காரில் போக நினைக்க வேண்டாம். தைப்பூசத்துக்கு முந்தைய இரவு பத்து மணிக்கு மேல் போய் விடியுமுன் திரும்புவது உத்தமம். வெயிலும் இருக்காது, காவடிகளும் விடாமல் வரும். ஆற்றங்கரையில் காவடி எடுக்கும் இடத்தில் நின்றால் உறுமி மேளத்தைப் பக்கத்தில் கேட்கலாம். தோட்டப்புறத்தில் வளர்ந்து நகரத்துக்கு வந்த இந்த இசை இன்று இளைஞர் குழுக்களின் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் உறுமியைக் கரகாட்டத்தோடும் சாமியாட்டத்தோடும் மட்டும் கேட்டவர்களுக்கு இங்கே கேட்பது புதிதாக இருக்கும். முழங்கால் தெரியும் உடையில் படியேற விடமாட்டார்கள். கையில் தின்பண்டம் வைத்திருந்தால் குரங்கு பிடுங்கும். அலகு குத்தியவரைப் படம் எடுக்குமுன் உடன் வந்த குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சீனப் புத்தாண்டு (ஜனவரி கடைசி முதல் பிப்ரவரி வரை). சீனர்களுக்கு இதுதான் வசந்த விழா. பதினைந்து நாளும் பேரங்காடி முற்றங்களில் சிங்க நடனம் நடக்கும்; உயர்ந்த கம்பங்களின் மேல் தாவித் தாவி ஆடும் வகையில் மலேசியக் குழுக்கள் பேர்பெற்றவை. நேர அட்டவணையை வாசலிலேயே ஒட்டியிருப்பார்கள். முதல் இரண்டு நாள் பல சீன உணவகங்கள் மூடியிருக்கும். எட்டாம் நாள் நள்ளிரவில் ஹொக்கியன் சீனர் விண்ணரசனுக்குக் கரும்பு கட்டி வழிபட்டுப் பட்டாசு வெடிப்பார்கள். ஹொக்கியன் மக்கள் நிறைந்த கிள்ளானில் அந்த இரவு யாருக்கும் தூக்கம் இராது. கிள்ளானைத் தாண்டி பந்திங் போகும் வழியில் ஜெஞ்சாரோம் ஊரின் டோங் சென் ஆலயம் விளக்குகளாலும் பூக்களாலும் நிறையும். அங்கே ரயில் இல்லை. கார் அமர்த்திக்கொண்டு மாலையில் போங்கள். பதினைந்தாம் நாள் இரவு சாப் கோ மே. திருமணமாகாத பெண்கள் ஆரஞ்சுப் பழத்தை நீரில் எறிந்து நல்ல துணை வேண்டும் வழக்கத்தைத் தாமான் ஜெயா ஏரிக்கரையில் பார்க்கலாம்.

மார்ச். நோன்பு மாதம் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னே நகரும். இந்தச் சில ஆண்டுகளில் அது இதே பருவத்தில்தான் விழுகிறது. அப்போது பெரிய இசை நிகழ்ச்சிகள் அநேகமாக இருக்காது. அதற்கு ஈடாக மாலை நான்கு மணி முதல் நோன்புச் சந்தைகள் களைகட்டும். கிளானா ஜெயா அரங்கத்தை ஒட்டிய சந்தை பெரியது. யாரும் வாங்கலாம். நோன்பு திறக்கும் நேரம் வரை அங்கேயே நின்று சாப்பிடாமல் இருப்பது மரியாதை. பங்குனி உத்திரத்துக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்தே பேருந்து பேருந்தாக மக்கள் பகாங் மாநிலத்து மாரானுக்குப் போவார்கள். சாலை போட வெட்டப்போன மரத்தில் ரத்தம் வடிந்தது என்ற கதையோடு எழுந்த மரத்தாண்டவர் ஆலயம் அங்கே இருக்கிறது. முழு நாள் ஒதுக்கினால் மட்டும் போங்கள்.

ஏப்ரல். சித்திரைப் புத்தாண்டுக்கும் விடுமுறை கிடையாது. காலை வழிபாட்டுக்கு ஜாலான் சிலாங்கூரில் உள்ள சித்தி விநாயகர் கோயிலுக்குப் போகலாம். அதே வாரத்தில் தாய்லாந்து மக்களின் புத்தாண்டான சொங்கிரானும் வரும். ஜாலான் காசிங்கை ஒட்டிய சேத்தவன் தாய்ப் புத்தக் கோயிலில் புத்தருக்கு நீராட்டு, தாய் உணவுக் கடைகள் என்று திருவிழாக் கோலமாக இருக்கும். தண்ணீர் விளையாட்டு இருந்தால் நனைவதைத் தவிர்க்க முடியாது. மாற்றுச் சட்டை எடுத்துப் போங்கள், கைபேசியை உறையில் போட்டுக்கொள்ளுங்கள்.

மே. புத்த பூர்ணிமாவான வெசாக் பொது விடுமுறை. பிரிக்ஃபீல்ட்ஸின் பெர்ஹாலா சாலையில், 1894-இல் சிங்களவர் அமைத்த சங்கத்தின் வழிவந்த புத்த மகா விகாரை இருக்கிறது. பகலெல்லாம் தாமரையும் ஊதுபத்தியுமாக வரிசை. இரவில் மெழுகுவர்த்தி ஏந்திய ஊர்வலம் அலங்கார ரதங்களோடு நகர்வலம் போகும். அதே சாலையில்தான் 1981 முதல் பரதமும் சங்கீதமும் கற்பித்துவரும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கிறது. விழாவோ நிகழ்ச்சியோ இருந்தால் அறிவிப்புப் பலகையில் தெரியும்.

மேடை இசை கேட்க

கே.எல்.சி.சி. பூங்காவில் தொடங்குங்கள். பிரேசில் நாட்டு ரொபெர்த்தோ பூர்லி மார்க்ஸ் வடிவமைத்த 50 ஏக்கர் பூங்கா. சிம்பொனி ஏரியில் இரவு 8, 9, 10 மணிக்கு இசையோடு நீரூற்று ஆடும். 8 மணிக் காட்சிக்குச் சீக்கிரம் போனால் புல்தரையில் உட்கார இடம் கிடைக்கும். செந்தூலில் பழைய ரயில்வே பணிமனை வளாகத்தில் 2005-இல் திறந்த கே.எல். பேக் கலையரங்கம் பூங்காவோடு கூடியது. அரங்கத்துக்குள்ளும் வெளியிலும் நிகழ்ச்சிகள் நடக்கும்.

பெரிய தமிழ் இசை நிகழ்ச்சிகள் பெரும்பாலும் புக்கிட் ஜாலிலில்தான். பெட்டாலிங் ஜெயாவிலிருந்து மஸ்ஜித் ஜாமெக் போய், ஸ்ரீ பெட்டாலிங் தடத்துக்கு மாறினால் புக்கிட் ஜாலில் நிலையம். நிகழ்ச்சி நள்ளிரவை ஒட்டி முடிந்தால் கடைசி ரயில் தவறும். கிராப் செயலியில் வாடகைக் கார்க் கட்டணம் பன்மடங்கு ஏறியிருக்கும். நான்கு பேர் சேர்ந்து போவது நல்லது. சன்வே லகூன் கேளிக்கைப் பூங்காவின் செயற்கைக் கடற்கரை மேடையில் நிகழ்ச்சி என்றால் 2015-இல் தொடங்கிய பி.ஆர்.டி. பேருந்துத் தடம் அருகிலேயே இறக்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுக் கலைஞர் மேடையேற அரசின் புஸ்பால் குழுவின் அனுமதி வேண்டும். 2023 ஜூலையில் சிப்பாங்கில் நடந்த குட் வைப்ஸ் விழா, முதல் நாள் ஒரு பிரிட்டிஷ் குழு மேடையில் செய்ததைக் காரணம் காட்டி, மிச்ச நாட்களுக்கு அரசால் நிறுத்தப்பட்டது. ஒரே ஒரு நிகழ்ச்சியை நம்பி விமானம் ஏற வேண்டாம்.

மழை, உடை, பணம்

ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடியோடு மழை கொட்டுவது சாதாரணம். பெரும்பாலும் இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். வெளிப்புற நிகழ்ச்சிகளில் குடை விரித்தால் பின்னால் இருப்பவர் திட்டுவார், மழைக்கோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மலேசியா தமிழ்நாட்டைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. சூரியன் மாலை 7.15 முதல் 7.30-க்குள்தான் மறையும். ஆறு மணிக்கு இருட்டிவிடும் என்று கணக்குப் போடாதீர்கள்.

ரயிலுக்கும் பேருந்துக்கும் டச் அண்ட் கோ அட்டை ஒன்று போதும். ஒட்டுக்கடைகளுக்குச் சில்லறை நோட்டு வேண்டும். பசித்தால் ஜாலான் காசிங் பக்கத்து வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போங்கள். திங்கட்கிழமை இரவு எஸ்.எஸ். 2-இல் பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தை கூடும். பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டை மதியத்திலேயே முடித்துவிடுங்கள்; விழா நாளில் இரவு இடம் கிடைக்காது.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 2026 டிசம்பர் 31 வரை விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம். வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் மின்னிலக்க வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அது இலவசம், கட்டணம் கேட்கும் தளங்களை மூடிவிடுங்கள்.

எப்போது வருவது?

நான்கு நாள்தான் விடுப்பு என்றால் தைப்பூசம், தயங்க வேண்டாம். ஆனால் அறையை இரண்டு மாதம் முன்பே பிடித்துவிடுங்கள். ஒரு வாரம் உண்டு என்றால், தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் அருகருகே வரும் ஆண்டைத் தேர்ந்தெடுங்கள். சிறு குழந்தைகளோடும் முதியவரோடும் வருகிறவர்கள் ஏப்ரல் நடுவில் வரலாம்: கூட்டம் குறைவு, அறை வாடகையும் குறைவு, புத்தாண்டு வழிபாடும் சொங்கிரானும் ஒரே வாரத்தில். எந்த மாதம் வந்தாலும் ஒரு மாலையையாவது திட்டம் எதுவும் போடாமல் விட்டுவையுங்கள். மேளச் சத்தம் கேட்ட பக்கம் நடந்து போக அது உதவும்.