அடியில் தங்கும் மருந்து

என் மகனுக்கு வாங்கிய ஐபுப்ரோஃபென் சிரப்பின் அடியில் வெள்ளையாகத் தங்கிவிடுகிறது. கெட்டுவிட்டதா? – ஒரு வாசகி, திண்டிவனம்

கெடவில்லை, பயப்படாதீர்கள். ஐபுப்ரோஃபென் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. அதனால் நுண்பொடியாக்கி மிதக்கவிடுகிறார்கள். துகள் நனைவதற்குப் பாலிசார்பேட், சீக்கிரம் இறங்காமலிருக்க சாந்தன் கோந்து போன்றவற்றைச் சேர்ப்பார்கள். ஆனாலும் நாள்பட வண்டல் இறங்கத்தான் செய்யும். துகள்கள் கெட்டிப்படாமல் பஞ்சுபோல் லேசாகக் கோத்து நிற்கும்படி தயாரிப்பதால், குலுக்கினால் கலந்துவிடும்.

குலுக்காமல் ஊற்றுவதுதான் ஆபத்து. முதலில் மருந்து குறைவாகப் போய்க் காய்ச்சல் இறங்காது. பாட்டில் முடியும்போது அளவு கூடிவிடும். ஒவ்வொரு வேளையும் நன்றாகக் குலுக்கி, உடனே அளவு மூடியில் ஊற்றுங்கள். எவ்வளவு குலுக்கியும் அடியில் கட்டி உடையவில்லையென்றால் அந்தப் பாட்டிலைக் கொடுக்காதீர்கள்.