ஹவுரா பாலத்தில் நடை: புதியவர் அறிய வேண்டியவை

கொல்கத்தாவையும் ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள ஹவுராவையும் இணைக்கும் ஹவுரா பாலம் 1943 பிப்ரவரி 3 அன்று போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. 1965இல் தாகூரின் நினைவாக ரவீந்திர சேது என்று பெயர் சூட்டப்பட்ட பின்னும் மக்கள் வழக்கில் அது ஹவுரா பாலமாகவே நிலைத்திருக்கிறது. சென்னையிலிருந்து ஹவுரா மெயிலில் வந்து இறங்கும் பயணி, நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் காணும் முதற்பெரும் காட்சி இதுவே. ஆகையால் வாடகை வண்டியில் விரைந்து கடந்துவிடாமல், ஒருமுறையேனும் இதை நடந்து கடப்பது தகும். ஆனால் நாள்தோறும் லட்சத்துக்கும் மேற்பட்டோர் பிழைப்பின் பொருட்டு நடக்கும் வழி இது என்பதைப் புதியவர் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்; கீழே கூறப்படும் நடைமுறைகள் யாவும் அந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

முதலாவது, நேரத்தைத் தேர்தல். புறநகர் ரயில்களில் வந்திறங்கும் அலுவலர்களும் கடைச் சிப்பந்திகளும் காலை ஒன்பது மணியிலிருந்து கொல்கத்தாவை நோக்கி நடக்கிறார்கள். மாலையில் அதே கூட்டம் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தோடு ஹவுராவை நோக்கித் திரும்புகிறது. இவ்விரு வேளைகளிலும் கூட்டத்தின் வேகத்துக்கு ஈடுகொடுத்து நடக்கலாமேயன்றி நின்று பார்க்க இயலாது. சூரியன் எழுந்து சற்று நேரத்துக்குள் நடையைத் தொடங்குபவருக்கு வெயிலின் கடுமை இராது. ஆற்றங்கரைப் படித்துறைகளில் நீராடுவோரையும் வழிபடுவோரையும் பாலத்திலிருந்தே காண முடியும். பாலத்தின் நீளம் ஏறத்தாழ 705 மீட்டர் என்பதால் கால் மணி நேரத்தில் கடந்துவிடலாம் என்றாலும், அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்கிக்கொள்வது நல்லது.

இரண்டாவது, எந்தப் பக்கத்து நடைபாதையில் செல்வது என்பது. வண்டிப்பாதையின் இருபுறமும் ஏறத்தாழ 15 அடி அகல நடைபாதைகள் உள்ளன. ஹவுராவிலிருந்து புறப்படுபவர் தென்புற நடைபாதையை, அதாவது தமக்கு வலப்புறத்திலுள்ளதைத் தேர்ந்தால், ஹவுரா நிலையத்தின் செந்நிறக் கட்டடமும் பயணிப் படகுகளும், தொலைவில் 1992இல் திறக்கப்பட்ட வித்யாசாகர் சேதுவும் கண்ணுக்குப் புலப்படும். மேலும், அந்த நடைபாதை முடியும் இடத்தில் படிகளில் இறங்கினால் மல்லிக் காட் பூச்சந்தையை அடையலாம். காட் என்பது ஆற்றில் இறங்குவதற்கான படித்துறை. செவ்வந்தி மாலைகள் மூட்டை மூட்டையாகக் குவியும் அந்தச் சந்தையும் விடியற்காலையிலேயே சுறுசுறுப்படைகிறது என்பது அதிகாலை நடைக்கு மற்றொரு காரணம்.

மூன்றாவதும் இன்றியமையாததும், சுமைகாரருக்கு வழிவிடுதல். காய்கறிக் கூடைகளையும் துணிப் பொதிகளையும் பூ மூட்டைகளையும் தலையில் ஏற்றிச் செல்வோர் ஓட்டமும் நடையுமாக வருவது அவசரத்தால் மட்டுமன்று. பளுவைத் தலையில் தாங்கியவர் நின்று நின்று நடந்தால் கழுத்துக்கும் முதுகுக்கும் வலி கூடும் என்பதால், சீரான வேகத்தைக் காப்பதே அவருக்கு எளிது. அவரால் தலையைத் திருப்பிப் பார்க்கவோ சட்டென்று விலகவோ முடியாது. எனவே பின்னாலிருந்து எச்சரிக்கைக் குரல் கேட்டதும் திரும்பிப் பார்த்துத் தயங்காமல், கைப்பிடிக் கம்பியின் பக்கமாக ஒதுங்கிவிட வேண்டும். ஆற்றைப் பார்க்க விரும்புபவர் நடைபாதையின் நடுவில் நிற்காமல், அதே ஓரத்தை ஒட்டி நிற்பதே முறை. 2024 மார்ச் முதல் ஆற்றுக்கு அடியில் மெட்ரோ ரயில் ஓடுகிறது. அது அலுவலருக்கு மாற்று வழியாயிற்று, தலைச்சுமையாளருக்கோ பாலமே இன்றும் வழி.

நான்காவது, பாலத்தின் அமைப்பை அறிந்து நடத்தல். 1874 முதல் இங்கே இருந்தது, மிதவைகளின் மேல் அமைந்த பாலம். கப்பல்கள் செல்வதற்காக அதன் நடுப்பகுதியைத் திறக்கும்போதெல்லாம் சாலைப் போக்குவரத்து தடைபட்டது. அந்த இடரை நீக்கவே, ஆற்றின் நடுவில் தூண் ஏதும் இல்லாத கேண்டிலீவர் முறை புதிய பாலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒருபுறம் மட்டும் பிணைக்கப்பட்டு, மறுமுனை தாங்கலின்றி நீண்டிருக்கும் கையைக் கேண்டிலீவர் என்பர். இரு கரைகளிலும் உள்ள கோபுரங்களிலிருந்து 468 அடி நீளமுள்ள இரு கைகள் ஆற்றின் மேல் நீள, அவற்றிடையே 564 அடி நீளமுள்ள நடுப்பகுதி தொங்கவிடப்பட்டிருப்பதால், கோபுரங்களுக்கு இடைப்பட்ட தொலைவு 1500 அடியாகிறது. சாலைத்தளமோ மேலே உள்ள சட்டகத்திலிருந்து எஃகுத் தொங்குவிட்டங்களால் தாங்கப்படுகிறது. ஆகவே பேருந்துகள் செல்லும்போது காலடியில் உணரப்படும் மெல்லிய அதிர்வைக் கண்டு புதியவர் அஞ்ச வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கட்டப்பட்ட இதற்குத் தேவைப்பட்ட ஏறத்தாழ 26,500 டன் எஃகில் 23,000 டன்னை டாடா நிறுவனம் இந்தியாவிலேயே உருவாக்கித் தந்தது. உறுப்புகள் திருகாணிகள் இன்றித் தறையாணிகளால், அதாவது இரு பக்கமும் தலை அடித்து இறுக்கப்பட்ட ஆணிகளால், இணைக்கப்பட்டுள்ளன. நடைபாதையை ஒட்டிய விட்டங்களில் வரிசை வரிசையாகத் தெரியும் அவ்வாணித் தலைகளைக் கூர்ந்து நோக்குபவருக்கு, அவற்றின் பின்னே உள்ள மனித உழைப்பின் அளவு விளங்கும்.

ஐந்தாவது, படமெடுப்பதும் திரும்புவதும். பாதுகாப்புக் கருதிப் பாலத்தின் மேல் படமெடுக்க நெடுங்காலம் தடை இருந்துவந்தது; இன்றும் காவலர் தடுத்தால் வாதிடாமல் விலகுவதே நன்று. முழுத் தோற்றமும் பாலத்தின் மேலிருந்து படத்தில் அடங்காது. மல்லிக் காட்டின் படிகளிலிருந்தோ ஹவுராவுக்குத் திரும்பும் படகிலிருந்தோ பார்ப்பவருக்கே அது முழுமையாகக் கிட்டும். ஹூக்ளி கடலேற்றத்துக்கு உட்பட்ட ஆறு என்பதால், நீர் வற்றிய வேளையில் படகுத்துறைக்கு இறங்கும் சாய்வுப் பாதை செங்குத்தாகிவிடும். முதியோர் அங்கே கவனமாக இறங்க வேண்டும்.

இறுதியாக, நடப்பவரால் பாலத்துக்கு நேரும் தீங்கையும் கூற வேண்டும். வெற்றிலைப் பாக்கு மென்று துப்பும் எச்சில் தொங்குவிட்டங்களின் அடிப்பகுதியை அரித்து எஃகின் தடிப்பைக் குறைத்ததால், கண்ணாடியிழை உறைகளைப் போர்த்தி அவற்றைக் காக்க வேண்டியதாயிற்று. எண்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நகரத்தின் உழைப்பையெல்லாம் சுமக்கும் இப்பாலத்தில் துப்பாமலும் குப்பை போடாமலும் சுமைகாரரின் வழியை மறிக்காமலும் நடப்பது, அங்கே ஒரு நாள் விருந்தினராகச் செல்லும் ஒவ்வொருவரின் கடமையாகும்.