குருவி ஓட்டும் பிள்ளைக்கு என்ன பதில்?

கவலைப்படுகிறவர்களிடம் இயேசு சொன்னது ஆகாயத்துப் பறவைகளைப் பாருங்கள் என்பதுதான். விதைப்பதில்லை, அறுப்பதில்லை, களஞ்சியத்தில் சேர்ப்பதில்லை, ஆனாலும் பரமபிதா அவற்றைப் பிழைப்பூட்டுகிறார் என்று மத்தேயு 6-ஆம் அதிகாரம் போகிறது. பட்டணத்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கு இது இனிக்கும். ஜவ்வாது மலையில் இதையே எடுத்துப் பாருங்கள், சிக்கல் தெரியும். இங்கே மலையாளிப் பழங்குடி மக்களின் பழைய பயிர் சாமை. கதிர் முற்றினால் சில்லைக் குருவிகள் கூட்டமாக இறங்கும். பயிரைக் காக்கக் குருவி ஓட்ட வேண்டும், அதற்குப் பிள்ளைகளும் போவார்கள். வள்ளி தினைப்புனம் காத்த நாளிலிருந்து குறிஞ்சி நிலத்தில் வருகிற வேலைதானே. அப்படி ஒரு பிள்ளை, “விதைக்காத குருவிக்குச் சோறு போடுவது சாமியா, எங்கப்பாவா?” என்று கேட்டால் என்ன சொல்வோம்? அந்தக் கேள்விக்கு முன் நிற்காத ஆறுதலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது என்பேன்.

கேள்விக்குப் பதில் வயலிலேயே இருக்கிறது. முதலாவது, பறவை சும்மா இருப்பதில்லை. ஆண் தூக்கணாங்குருவி நாராகக் கிழித்துக் கிழித்துக் கொண்டுவந்து கூடு பின்னுகிறது. பாதிக் கூட்டைப் பெட்டை வந்து பார்க்கும், பிடிக்காவிட்டால் ஆண் அதை விட்டுவிட்டு வேறு கூடு தொடங்கும். ஆகவே ‘கவலைப்படாதே’ என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார் என்று பொருள் எடுக்க வழியில்லை. இரண்டாவது, குருவிக்குச் சோறு போட்டது அப்பாதான் என்பதைத் தயங்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு அப்பாவின் பங்கு எதுவரை என்று பிள்ளையையே பிரிக்கச் சொல்லலாம். உழுதது அவர், விதை எடுத்து வைத்தது அவர், களை பறித்தது வீட்டார். மழையை வரவழைத்தது யார்? சாமை மானாவாரிப் பயிர். மண்ணுக்குள் விதையின் ஓடு பிளந்ததில் யாருடைய கை இருந்தது? பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிட வேகமாகப் பிரித்துவிடுவார்கள். நம் பங்கை நாம் செய்துதான் ஆக வேண்டும். நம் பங்கில் இல்லாததையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருப்பதைத்தான் கவலை என்கிறோம். குருவிக்குப் போகும் உணவு உழவன் வழியாகப் போகிறது, உழவனுக்கு வருவதும் அவன் உண்டாக்காத ஒன்றின் வழியாகவே வருகிறது. தேவன் கொடுக்கிறார் என்பதை நான் அந்த இடத்தில் வைத்துத்தான் புரிந்துகொள்கிறேன்.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. பறவைகள் பட்டினியாலும் சாகின்றன. வேலைக்குப் போன அப்பாக்கள் திரும்பாமலும் போகிறார்கள். இந்த மலையில் இது வெறும் பேச்சு இல்லை. 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி பக்கம் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் இறந்த 20 தமிழ்த் தொழிலாளர்களில் ஜவ்வாது மலை ஊர்க்காரர்களும் இருந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையிடம் காட்டுப் பூவைக் காட்டி, “உனக்கு ஒன்றும் ஆகாது” என்பது பொய். வேதமும் அப்படிச் சொல்லவில்லை. காசுக்கு இரண்டு விற்கும் அடைக்கலான் குருவியும் தரையில் விழும் என்பதை மத்தேயு 10 மறைப்பதே இல்லை. பிதாவுக்குத் தெரியாமல் விழாது என்றுதான் சொல்கிறது. எனவே செடியும் பறவையும் பார்க்கப் பிள்ளைகளோடு நடக்கும்போது, கீழே கிடக்கும் உடைந்த முட்டையைத் தாண்டி அவர்களை அவசரமாக நடத்திக்கொண்டு போகாதீர்கள். நின்று பார்க்கட்டும். விழுந்ததும் மறக்கப்படவில்லை என்ற வாக்கைத்தான் நாம் கொடுக்க முடியும். அது சிறிய வாக்காகத் தோன்றலாம், ஆனால் துக்க வீட்டிலும் அதைத் திரும்பச் சொல்லலாம்.

வறுமையால் வரும் கவலைக்குக் கூலியும் மருந்தும் பள்ளிக்கூடமும்தானே வேண்டும், பூவைப் பார்த்து என்ன ஆகும் என்று கேட்பவர்கள் சொல்வதும் நியாயமே. ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? மலையடிவாரத்தில் திருப்பத்தூரில் 1921-இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய ஜேசுதாசனும் ஃபாரஸ்டர் பேட்டனும், பெரியண்ணன், சின்னண்ணன் என்று அழைக்கப்பட்டவர்கள், இருவருமே மருத்துவர்கள். ஜெபத்தோடு மருத்துவமனையையும் நடத்தினார்கள்.

செய்முறையில் நான் வலியுறுத்துவது கொஞ்சம்தான். ஒரு நடைக்கு ஒரே ஒரு செடியோ ஒரு கூடோ போதும். “கடவுள் எவ்வளவு நல்லவர் பார்த்தாயா” என்று பெரியவர் முடித்துவிட்டால் பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிடும்; “இப்போது இது என்ன செய்கிறது?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது மேல். நாளைய பாடு நாளைக்கு என்ற போதனை அந்த ‘இப்போது’க்குள்ளேயே வந்துவிடுகிறது. காவலூர் வானாய்வகம் இதே மலையில்தான் இருக்கிறது. யுரேனஸ் கோளின் வளையங்கள் 1977-இல் வெளிப்பட்டபோது அங்கிருந்தும் பார்த்துப் பதிவுசெய்தார்கள், 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் வந்தது. ஊர் வெளிச்சம் குறைந்த அந்த வானத்தைக் காட்டத் தோன்றும், காட்டலாம். ஆனால் முதல் நாளே வேண்டாம். இத்தனை பெரிய வானத்தின் கீழ் மனிதன் எம்மாத்திரம் என்று எட்டாம் சங்கீதக்காரனே திகைத்து நின்றான். தன்னைச் சிறியதாக உணர்வது எல்லாப் பிள்ளைக்கும் தெம்பு தராது, சிலருக்குப் பயம் கூடும். கையெட்டும் தூரத்தில் இருக்கும் சாமைக் கதிரில் தொடங்கிப் பிறகு வானத்துக்குப் போகலாம்.

மலைக்குப் போக வசதியில்லாத குடும்பங்கள் வருந்த வேண்டியதில்லை. ஆகாயத்துப் பறவைகள் என்று மத்தேயு சொன்ன இடத்தில் லூக்கா எழுதியது காகம். லேவியராகமத்தின்படி தின்னக்கூடாத, தீட்டான பறவை அது. அதையும் தேவன் போஷிக்கிறார். நம் தெருவில் மின்கம்பத்துக்குப் பக்கத்து மரத்திலேயே அது கூடு கட்டுகிறது. கோடையில் பிள்ளைகளோடு கவனித்தால், அந்தக் கூட்டில் குயில் குஞ்சுக்கும் காகமே இரை ஊட்டுவதைப் பார்க்கக் கிடைக்கலாம். பிள்ளைகள் அதைப் பற்றிக் கேட்கப்போவது சில்லைக் கேள்வியைவிடச் சிக்கலானது. பதிலை வீட்டிலேயே தயாரித்துக்கொண்டு போகாதீர்கள்.